வயிற்றோட்டம்: சீனர் வகுப்பும் வாவிக்கரை வழக்கும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடப்பது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்கரையை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று; ஞாயிறு படும் கரை மற்றொன்று. இரு கரைகளுக்கும் பொதுவாக ஆண்டுதோறும் வருவது மாரிக்காலம். வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் பெருமழையில் வயல் வெள்ளமும் வாவி நீரும் ஒன்றாகும். ஆழமற்ற மணற்கிணறுகளின் வாய்மட்டத்தை வெள்ளம் தொடும். மலசலகூடக் குழியும் குடிநீர்க் கிணறும் வெள்ளத்தின் கீழே வேறுபாடற்றுப் போகும். அதன் பின்னர்ச் சில நாட்களில், "பிள்ளைக்கு வயிற்றால் போகின்றது" என்ற சொல் வீடுதோறும் கேட்கத் தொடங்கும்.

எளிய நோய் என்று பலர் எண்ணும் இந்நோய், உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஆண்டுதோறும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் உயிரை இன்றும் கவர்ந்து செல்கின்றது. ஆகவே, இந்நோயை மனிதர் எவ்வாறு விளங்கிக்கொண்டனர், எவ்வெவ் வகையாகப் பிரித்தனர் என்பதை ஆராய்வது வெறும் ஏட்டுக் கல்வியன்று. ஒரு நோய்க்குப் பெயரிடும் முறையே அந்நோய்க்குச் செய்யும் உதவியையும் தீர்மானிக்கின்றது. சீன நாட்டு வைத்தியர் இதனைப் பிரித்தறிந்த முறை தனிச் சிறப்புடையது. அம்முறையை நம்மவர் முறையோடு ஒப்புநோக்கும்போது சில உண்மைகள் தெளிவாகின்றன.

சீனரும் தமிழரும் இத்தீவில் ஒருவரையொருவர் அறியாதவர் அல்லர். 1409ஆம் ஆண்டைத் தன் மேற்கொண்ட கல்வெட்டொன்று 1911ஆம் ஆண்டில் காலி நகரிலே கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்றலைவர் செங் ஹோ கொண்டுவந்த அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இன்று அது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. தமிழ்ச் சித்தருள் ஒருவராகிய போகர் சீனதேசத்தோடு தொடர்புடையவர் என்பதும் நெடுநாளைய மரபுச் செய்தி. அதனை வரலாறு என்று கொள்ளுதற்கில்லை. ஆயினும் இரு மரபுகளுக்கும் உறவு உண்டு என்ற எண்ணம் தமிழரிடையே வேரூன்றியிருந்தது என்பதற்கு அது சான்றாகும்.

சீன வைத்தியத்தின் மூலநூலாகக் கருதப்படுவது "மஞ்சட் பேரரசரின் அகநூல்" என்பது. கிறித்துவுக்கு முற்பட்ட இறுதி நூற்றாண்டுகளில் அது தொகுக்கப்பட்டதாக அறிஞர் கருதுவர். அந்நூலின்படி மனித உடல் ஓர் அரசு. ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வோர் அதிகாரி. இரைப்பையும் மண்ணீரலும் களஞ்சிய அதிகாரிகள். உண்ட உணவை ஏற்றுச் சாரத்தைப் பிரித்து உடலெங்கும் அனுப்புவது அவற்றின் கடமை. சிறுகுடல் தெளிந்ததையும் கலங்கியதையும் வேறாக்கும். பெருங்குடல் கழிவை வெளியேற்றும். இவ்வொழுங்கு குலையும்போது தெளிந்த நீரும் கலங்கிய கழிவும் ஒன்றாய்க் கலந்து கீழே பாய்கின்றன. அதுவே வயிற்றோட்டம்.

இங்கு மண்ணீரல் என்று குறிக்கப்படுவது இன்றைய உடற்கூற்று நூல் காட்டும் மண்ணீரல் அன்று; செரிமான ஆற்றல் முழுவதற்கும் சீனர் இட்ட பெயர் அது. ஐம்பூதங்களைப் போன்று சீனரும் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்து இயல்புகளைக் கூறுவர். அவற்றுள் மண்ணுக்கு உரியது இந்த உறுப்பு. தமிழிலும் அதன் பெயர் மண்ணீரலாக அமைந்தமை வியப்புக்குரிய பொருத்தமாகும். மண்ணுக்குப் பகை மிகுந்த ஈரம். அளவான ஈரத்தில் நெல் விளையும். அளவு மீறினால் வயல் சேறாகிப் பயிர் அழுகும். உடலில் ஈரம் மிகுவதே வயிற்றோட்டத்தின் அடிப்படை என்று சீனர் கொண்டனர். மாரிக்கால வயலைக் கண்ட படுவான்கரை உழவனுக்கு இக்கருத்தை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

முதலில் சீனர் செய்த பிரிவு, வயிற்றோட்டத்தையும் சீதபேதியையும் வேறாக்கியது. மலம் நீர்த்துப் பலமுறை போவது ஒன்று. சீதமும் இரத்தமும் கலந்து, வயிறு முறுக்கி, போயும் போகாத உணர்வோடு சிறிது சிறிதாகப் போவது மற்றொன்று. பழைய ஏடுகளில் இரண்டும் ஒரே பெயரால் வழங்கப்பட்டன. பின்வந்தோர் தனித்தனிப் பெயரிட்டனர்.

வயிற்றோட்டத்தைப் பின்னர் ஆறு வகையாக்கினர். அவற்றுள் மூன்று திடீரென வருவன; மூன்று நாட்பட நிற்பன.

முதலாவது, குளிரும் ஈரமும் சேர்ந்ததால் வருவது. மலம் தண்ணீராகத் தெளிந்து போகும், வயிறு இரையும், உடல் குளிரும். இரண்டாவது, வெப்பமும் ஈரமும் சேர்ந்ததால் வருவது. மலம் மஞ்சளாய் நாற்றத்தோடு வேகமாகப் போகும், ஆசனவாய் எரியும், தாகம் மிகும், சிறுநீர் குறைந்து நிறம் சிவக்கும். மூன்றாவது, உண்டது தேங்கியதால் வருவது. புளித்த ஏப்பமும் கூழ்முட்டை நாற்றமும் அதன் அடையாளங்கள். போனபின் வயிற்றுவலி குறையும்.

நான்காவது, மனத்தால் வருவது. கோபமும் கவலையும் கல்லீரலின் ஓட்டத்தைத் தடைப்படுத்த, அது மண்ணீரலைத் தாக்குகின்றது என்பர். மனம் கலங்கும்போதெல்லாம் வயிறு வலித்துப் போகும். ஐந்தாவது, மண்ணீரலின் தளர்ச்சியால் வருவது. சிறிது எண்ணெய்ப் பண்டம் உண்டாலும் செரியாது போகும், முகம் வெளிறும், உடல் சோரும். ஆறாவது, சிறுநீரகத்தின் வெம்மை குன்றியதால் வருவது. முதியோருக்கு விடியுமுன் தொப்புளைச் சுற்றி வலித்து வயிறு போகும். போனபின் அமைதி உண்டாகும். சீனர் இதனைக் "கோழி கூவும் நேரத்து வயிற்றோட்டம்" என்றனர். அவர் கூறும் காரணம் நயமுடையது. மண்ணீரல் அடுப்பில் வைத்த பானை. சிறுநீரகம் அடுப்பு நெருப்பு. இரவின் குளிர் உச்சம் அடைந்து பகலின் வெம்மை இன்னும் எழாத வேளையில், அணையப்போகும் அடுப்பினால் பானை கொதிப்பதில்லை.

இவ்வகைகளை அறிய அவர் கையாண்ட கருவிகள் கண், காது, மூக்கு, விரல் ஆகியனவே. நாவின் நிறமும் அதன் மேற்படிவும், மணிக்கட்டில் நாடியின் நடையும், மலத்தின் நிறமும் நாற்றமும், நோயாளி விரும்புவது சூடோ குளிரோ என்பதும் கருதப்பட்டன. ஒரே கிராமத்தில் ஒரே நாளில் வயிற்றோட்டம் கண்ட இருவருக்குச் சீன வைத்தியர் இருவேறு கஷாயம் கொடுப்பது இதனாலேயே. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த சாங் சொங்சிங் என்பவர் குளிர்நோய் பற்றி எழுதிய நூலிலும், அதன் பின்வந்த பல நூல்களிலும் இம்முறை விரிவடைந்தது. 1637ஆம் ஆண்டில் லி சொங்சு என்ற வைத்தியர் வயிற்றோட்டத்துக்கு ஒன்பது வழிகளைத் தொகுத்தார். நீரைச் சிறுநீர் வழியே வடித்தல், தாழ்ந்த ஆற்றலை உயர்த்தல், வெப்பம் தணித்தல், தேங்கியதை வெளியேற்றல், இனிப்பால் வேகம் ஆற்றல், புளிப்பால் சுருக்கல், மண்ணீரலை உலர்த்தல், சிறுநீரகத்தைச் சூடேற்றல், துவர்ப்பால் இறுக்கிக் கட்டல் என்பன அவை. இறுக்கிக் கட்டுதல் ஒன்பதாவதாக, இறுதியில் நிற்பதை நேயர்கள் நினைவில் வைத்தல் நன்று.

இனி நம்மவர் முறையை நோக்குவோம். வடமொழி வைத்திய நூலாகிய சரக சங்கிதை வயிற்றோட்டத்தை அதிசாரம் என்று பெயரிட்டு ஆறாக வகுக்கின்றது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் தனித்தனியே பிழைத்தலால் மூன்று, மூன்றும் ஒருங்கே பிழைத்தலால் ஒன்று, அச்சத்தால் ஒன்று, துயரத்தால் ஒன்று. தமிழ்ச் சித்தவைத்தியமும் வாதம், பித்தம், ஐயம் என்ற முக்குற்ற அடிப்படையிலேயே கழிச்சலை ஆராய்கின்றது. நா, நிறம், மொழி, விழி, பரிசம், மலம், சிறுநீர், நாடி என்னும் எண்வகைத் தேர்வு அதன் கருவி. நாட்பட்டு உடலை உருக்கும் கழிச்சலைக் கிராணி என்று தனியே பிரித்தனர். குழந்தைகளுக்கு உணவு செரியாமல் வருவதை மாந்தம் என்றனர். பாலவாகட நூல்கள் அதனை விரித்துக் கூறும். சீனரின் மூன்றாம் வகைக்கும் இம்மாந்தத்துக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை. சீனரின் தளர்ந்த மண்ணீரலும் நம்மவரின் குன்றிய சடராக்கினியும் ஒரே காட்சிக்கு இரு மொழிகளில் இட்ட பெயர்கள் எனலாம்.

அச்சமும் துயரும் வயிற்றைக் கலக்கும் என்பதில் சரகரும் சீனரும் ஒத்துப் போகின்றனர். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளையும், 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரையும் கண்ட மட்டக்களப்பு மக்களுக்கு இவ்வுண்மையை எந்த நூலும் கற்பிக்க வேண்டியதில்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புத் தொடர்பு உண்டு என்று இன்றைய விஞ்ஞானமும் கூறுகின்றது.

மருந்துச் சரக்குகளிலும் உறவு காணப்படுகின்றது. கடுக்காய் இந்தியப் பகுதியிலிருந்து சீனத்துக்குச் சென்று அங்கும் நாட்பட்ட வயிற்றோட்டத்துக்கு மருந்தாயிற்று. அதன் பழைய சீனப் பெயரிலேயே வடமொழி அரீதகியின் ஒலி எஞ்சியிருக்கின்றது. மாதுளை ஓட்டை இருவரும் துவர்ப்புக்காகக் கையாள்வர். விடியற்காலை வயிற்றோட்டத்துக்குச் சீனர் வழங்கும் "நான்கு தெய்வ மாத்திரை"யில் சாதிக்காயும் கார்போகரிசியும் சேர்கின்றன. சாதிக்காய் இங்கும் வயிற்றுக்கு மருந்து. கார்போகரிசியோ தமிழரிடம் தோல் நோய்க்குப் பெயர்பெற்றது. வயல்வரம்பில் களையாக முளைக்கும் கோரையின் கிழங்கை நம்மவர் கழிச்சலுக்குக் கொடுப்பர். சீனர் அதையே மனவழுத்தத்தால் தடைப்பட்ட ஓட்டத்தைத் திறக்கக் கொடுப்பர். சரக்கு ஒன்று; அதனை நோக்கிய கண் வேறு.

வெப்ப வகைக்குச் சீனர் கொடுக்கும் மஞ்சள் நிற வேரொன்றிலும், இலங்கையில் வெனிவெல் எனப்படும் மரமஞ்சளிலும் பெர்பரின் என்ற ஒரே கசப்புப் பொருள் உண்டு. 1987ஆம் ஆண்டில் வங்காளதேச வைத்தியர் வெளியிட்ட ஆய்வில், ஒருவகைக் குடற் பற்றீரியாவால் வந்த வயிற்றோட்டத்தில் பெர்பரின் மலநீரின் அளவைக் குறைத்தது. வாந்திபேதியில் அதன் பயன் சிறிதாகவே இருந்தது. பழைய அறிவைச் சோதனைக்கு உட்படுத்தினால் கிடைப்பது இத்தகைய அளவான விடைதான். முழுப் புகழ்ச்சியும் முழு இகழ்ச்சியும் இரண்டும் பிழை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு கருத்தில் மூன்று மரபுகளும் ஒன்றுபடுகின்றன. செரியாத குற்றம் உள்ளே இருக்கும்போது தொடக்கத்திலேயே துவர்ப்பு மருந்தால் வயிற்றைக் கட்டிவிடலாகாது என்பது சரகர் மரபு. மலத்தை நீரில் இட்டு, அமிழ்ந்தால் செரியாத நிலை என்றும் மிதந்தால் செரித்த நிலை என்றும் பார்க்கும் வழக்கமும் அதற்காகவே எழுந்தது. சீனர் இதனைத் திருடன் வீட்டுக்குள் இருக்கக் கதவைச் சாத்துவதற்கு ஒப்பிடுவர். இறுக்கிக் கட்டல் ஒன்பதாம் இடத்தில் நின்ற காரணம் இதுவே. குடலின் அசைவை நிறுத்தும் மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது, இரத்தபேதியில் எவருக்கும் தாமாக வாங்கிக் கொடுக்கலாகாது என்று மேனாட்டு வைத்தியமும் இன்று எச்சரிக்கின்றது. ஆயினும், "எதையாவது கொடுத்து உடனே நிறுத்திவிடுங்கள்" என்று கடைக்கு ஓடுவோர் இன்றும் உளர்.

பழைய முறைகளின் எல்லை எங்கே உள்ளது? அவை நோயாளியைக் கூர்ந்து நோக்கின. கிணற்றுக்குள் நோக்குதற்கு அவற்றிடம் கருவி இல்லை. 1854ஆம் ஆண்டில் இலண்டனில் யோன் சினோ என்பவர் வாந்திபேதியின் இருப்பிடத்தை ஒரு தெருக்குழாயில் கண்டார். 1884ஆம் ஆண்டில் ரொபேட் கொக் கல்கத்தாவில் அதன் கிருமியைத் தனியே பிரித்தார். 1959ஆம் ஆண்டில் அதே நகரத்துச் சம்பு நாத் தே, அக்கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை இறைக்கின்றது என்று நிறுவினார். குழந்தைகளைப் பெரிதும் தாக்கும் ரொட்டா வைரசு 1973ஆம் ஆண்டில் மெல்போண் நகரில் கண்டறியப்பட்டது. குளிர், வெப்பம் என்ற பிரிவுகள் இவற்றை அறியா. ஒரே கிருமி ஒருவரிடம் குளிர்வகையாகவும் மற்றொருவரிடம் வெப்பவகையாகவும் தோன்றலாம். இருவரும் குடித்தது ஒரே கிணற்று நீராக இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் இன்று வகுக்கும் முறை எளியது. நீராகப் போகும் வயிற்றோட்டம்; இரத்தம் கலந்த சீதபேதி; 14 நாட்களுக்கு மேல் நீடிப்பது; கடும் போசாக்கின்மையோடு வருவது. பழைய சீனரின் திடீர்வகை, சீதபேதி, நாட்பட்ட வகை என்ற பிரிவுகள் இதனோடு பெரும்பாலும் பொருந்துவது கவனிக்கத்தக்கது. ஆனால் புதிய முறை மற்றொரு கேள்வியையும் சேர்க்கின்றது: உடலிலிருந்து எவ்வளவு நீர் போய்விட்டது? கண் குழிந்துளதா? வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகின்றதா? குழந்தை ஆவலோடு குடிக்கின்றதா, அன்றிக் குடிக்கவும் இயலாது சோர்ந்து கிடக்கின்றதா? வகை எதுவாயினும் உயிரைக் கொண்டு செல்வது நீரிழப்பே. வயிற்றோட்டத்தின் எல்லா வகைகளையும் இணைக்கும் நூல் இதுதான்.

இவ்விடத்தில் ஒரு தீய வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அஞ்சி, வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு நீரையும் பாலையும் மறுக்கும் வழக்கம் பல நாடுகளிலும் இருந்தது. வாவிக்கரையிலும் முற்றாக ஒழிந்ததாகக் கூறமுடியாது. பார்வைக்கு அது தர்க்கமாகத் தோன்றும். உண்மையில், ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றாமல் விடுவதால் ஓட்டை அடைபடுவதில்லை. குடம் விரைவில் காலியாவது ஒன்றே நிகழும்.

குடலின் ஓட்டை திறந்திருக்கும்போதும் நீரை உள்ளே அனுப்ப ஒரு வழி உண்டு. சீனியும் உப்பும் சேர்ந்து குடற்சுவருக்குள் ஒருங்கே நுழைகின்றன என்று 1960ஆம் ஆண்டில் ரொபேட் கிரேன் என்ற அறிஞர் எடுத்துரைத்தார். அவை நுழையும்போது நீரும் உடன் செல்லும். 1968ஆம் ஆண்டில் டாக்கா நகரில் நலின், காஷ் என்ற இரு வைத்தியர் இதனை வாந்திபேதி நோயாளரிடம் மெய்ப்பித்தனர். 1971ஆம் ஆண்டில் வங்காள அகதிகள் நிறைந்த பன்கான் முகாமில் ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன வேளையில், திலீப் மகலநாபிஸ் என்ற வைத்தியர் உப்பும் சீனியும் கரைத்த நீரைத் தொட்டிகளில் நிரப்பி, உறவினரே நோயாளிக்குப் புகட்டும்படி செய்தார். நூற்றுக்கு 30 வரை உயர்ந்திருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது.

இலங்கையில் அக்கரைசல் ஜீவனி என்ற பெயரால் வழங்கும் பொட்டலமாகக் கிடைக்கின்றது. பொட்டலத்தில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்தல் வேண்டும். பொட்டலம் கிடையாதவிடத்து, 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு மிகுதல் ஆபத்து. ஒவ்வொரு முறை வயிறு போனபின்பும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றரும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றரும் சிறிது சிறிதாகக் கொடுத்தல் வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. அரிசிக் கஞ்சியும் நல்லதே; சீன வைத்தியரும் நம் பரிசாரியாரும் நோயாளிக்குக் கஞ்சியையே பத்தியமாக வைத்தனர். மாச்சத்து குடலில் சீனியாக மாறி உப்பையும் நீரையும் உள்ளே அழைத்துச் செல்வதால், கஞ்சிக்கு இன்றைய விஞ்ஞானமும் துணை நிற்கின்றது. குழந்தைகளுக்கு 10 முதல் 14 நாள் வரை நாகச்சத்து கொடுக்குமாறு 2004ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதனை வைத்தியர் சொற்படி கொடுத்தல் நன்று.

மலத்தில் இரத்தம் கண்டாலும், குழந்தை குடிக்க மறுத்தாலும், கண் குழிந்து சோர்ந்தாலும், வாந்தி ஓயாதிருந்தாலும் கஷாயம் எது என்று ஆராய்ந்து நிற்கும் நேரம் அதுவன்று. வெள்ளத்தில் வீதி மூழ்கியிருந்தால் தோணியிலேனும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். வழியெல்லாம் கரைசலைப் புகட்டிக்கொண்டே செல்லுதல் வேண்டும்.

கடற்கோளுக்குப் பின்னர் இக்கரையோரத்துக் கிணறுகள் உவர் நீராலும் கழிவாலும் கெட்டன. ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் நெருங்கி வாழ்ந்தனர். எனினும் எல்லோரும் அஞ்சிய கொள்ளைநோய் இலங்கையில் பெருகவில்லை. தண்ணீர்த் தாங்கிகளும், குளோரினும், மலசலகூடங்களும், இரவுபகலாக உழைத்த சுகாதாரப் பணியாளரும் அதனைத் தடுத்தனர். வந்தபின் வகை பிரிக்கும் அறிவைவிட வருமுன் கிணற்றைக் காக்கும் அறிவு பெரிது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

பழைய மரபுகளைப் போற்றுவது அவற்றை அப்படியே பின்பற்றுவதாகாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இளைஞர் சித்தவைத்தியத்தைப் பட்டப்படிப்பாகக் கற்கின்றனர். கோரைக்கிழங்கையும் மரமஞ்சளையும் முறையாகச் சோதித்து, எது எவ்வளவு பயன்படும் என்று சொல்லும் பொறுப்பு அவர்களுடையது. நோயாளியின் நாவையும் முகத்தையும் மனத்தையும் பொறுமையோடு நோக்கிய சீன வைத்தியரின் கூர்மை எந்த வைத்தியருக்கும் வேண்டப்படுவது. அதனோடு ஒரு குவளைக் கரைசலும் கொதித்தாறிய நீரும் சேருமாயின், மாரிக்காலம் எத்தனை வந்தாலும் வாவியின் இரு கரைகளிலும் குழந்தைகள் உயிரோடு வளர்வார்கள்.